ஏரிக்கரையின் காலடியை அலை பறிக்காமல் காப்பது எப்படி? கிருஷ்ணகிரி, தருமபுரி ஏரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடல் அலை தடுப்புச் சுவரின் அடியைப் பறித்து, சுவரே முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்த படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து கடலுக்கு எந்தப் பக்கம் கிளம்பினாலும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஆனாலும் அந்தச் சுவர் விழுந்த காரணம் நம் ஊர் ஏரிக்கரைக்கும் பொருந்துகிறது. அலை சிறியது, மண் வேறு, தண்ணீர் உப்பில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கரையின் நீர்ப்பக்கத்தில் பதித்த அலைகல் சரிந்தால், கல் சரியில்லை என்றுதான் முதலில் சொல்கிறோம். பெரும்பாலும் கல் நன்றாகவே இருக்கும். அதன் காலடியில் இருந்த மண் போயிருக்கும், அல்லது முதுகுக்குப் பின்னால் இருந்த மண் போயிருக்கும். இந்த இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

வேலைக்கு இறங்கும் முன் ஒன்று. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் கரையில் கடப்பாரை வைக்க வேண்டாம். அளப்பதும் குறிப்பெடுப்பதும் யாரும் செய்யலாம். நல்ல குறிப்போடு போகும் பாசன சங்கத்துக்கு, வெறும் மனுவோடு போகிறவர்களைவிட மரியாதை அதிகம்.

அடியில் நடப்பது என்ன

அலை ஒரு செங்குத்துச் சுவரில் மோதினால் சக்தி பெரும்பாலும் அப்படியே திரும்புகிறது. வரும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சுவரோரம் தண்ணீர் ஏறக்குறைய இரட்டிப்பு உயரத்துக்கு எழுந்து விழுகிறது. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, கால் அலைநீளத் தூரத்தில், தரையை ஒட்டிய நீர் முன்னும் பின்னும் மிக வேகமாக ஓடுகிறது. நுண்மணலாக இருந்தால் அங்கேதான் பள்ளம் விழும். சுவருக்கு முன்னாலேயே உடையும் அலை என்றால் இன்னும் மோசம். விழும் நீர் நேராகக் காலடியில் குத்தி மண்ணைக் கிளப்பி எடுத்துக்கொண்டு போகும்.

ஒரு பெரும்புயலில் சுவரடியில் விழும் பள்ளத்தின் ஆழம், அங்கே அடிக்கும் அலையின் உயரத்தை ஒட்டி இருக்கும் என்பது கடற்கரைப் பொறியாளர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கைக்கணக்கு. துல்லியமான விதி என்று சொல்ல முடியாது. ஆனால் அடித்தளத்தை எவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு உடனே கையில் கிடைக்கும் பதில் அது.

கடலில் இன்னொரு தந்திரம் உண்டு. புயல் ஓய்ந்ததும் சின்ன அலைகள் மணலைத் திரும்பக் கொண்டுவந்து பள்ளத்தை மூடிவிடும். அடுத்த வாரம் அளக்கப் போகிறவர் ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிட்டு வருவார். அந்தப் புதுமணல் தளர்வானது. அடுத்த புயலின் முதல் மணி நேரத்திலேயே போய்விடும். ஏரியில் இதே வேலையை வண்டல் செய்கிறது. பள்ளத்தின்மேல் சேறு படிந்து, காய்ந்து, தரை ஒரே மட்டமாகத் தெரியும். ஒரு வித்தியாசம்: கடல் மணலையாவது திருப்பித் தருகிறது. கரையிலிருந்து போன மண்ணை ஏரி திருப்பித் தராது. அது உள்ளே போய்ப் படுத்து, கொள்ளளவையும் குறைக்கும்.

(துறைமுகச் சுவர் கட்டியதால் ஒரு பக்கம் மணல் சேர்வதும் மறுபக்கம் கரை கரைவதும் வேறு கதை. புதுச்சேரியிலும் ராயபுரத்திலும் நடந்தது அதுதான். கரையோரமாக நகரும் மணல் மறிக்கப்படுவதால் வருவது. ஏரியில் அந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை.)

படி 1: காற்று எங்கிருந்து, எவ்வளவு தூரம்

ஏரியில் அலையைப் பெரிதாக்குவது மூன்று: காற்றின் வேகம், அது அடிக்கும் நேரம், தடையில்லாமல் அது ஓடிவரும் நீர்ப்பரப்பின் நீளம். கைப்பேசி வரைபடத்தில் கரையின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எதிர்க்கரை வரை தூரத்தை அளந்து எழுதுங்கள். நேர்க்கோட்டில் மட்டும் பார்க்காமல் இரண்டு பக்கமும் சாய்வாகவும் அளங்கள்.

தென்பெண்ணை ஓடும் திசையைப் பார்த்தாலே தெரியும், நம் பகுதியில் நிலம் பெரும்பாலும் கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிகிறது. காவிரிப் பக்கம் வடியும் பென்னாகரம், பாலக்கோடு பகுதிகள் இதற்கு விலக்கு. கிழக்கே சரியும் நிலத்தில் ஏரிக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும், தண்ணீர் மேற்கே நிற்கும். அப்படியானால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வாடைக்காற்று கரையை அவ்வளவாக அடிக்காது. கரைக்குப் பின்னாலிருந்து உள்ளே தள்ளும். கரையை நேராக அடிப்பது ஆடிக்காற்று. அம்மியைப் பறக்க வைக்கும் அந்தக் காற்று வரும்போது ஏரியில் முழுத் தண்ணீர் இருக்காது. கால் பங்கோ அரைப் பங்கோ நிற்கும். அதனால் அலைக்கோடு கீழே இருக்கும். கல் பதித்த பகுதி மேலே பத்திரமாக நிற்க, கல் இல்லாத கீழ்ச்சரிவை அலை வாரக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கும். காலடி பறிபோவது இப்படித்தான். முழுக்கொள்ளளவு மட்டத்தை மட்டும் மனதில் வைத்துக் கல் பதிப்பது இந்த ஊர்களில் நான் பார்க்கும் பொதுவான குறை.

புயல் நாட்கள் தனி. வங்கக்கடலில் கரை ஏறும் புயல் நமக்கு வடக்கே கடந்து போனால் காற்று மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். அப்போது ஏரி நிறைந்திருக்கும், காற்றும் கரையை நோக்கி இருக்கும். ஃபெஞ்சல் புயலின் மிச்சத்தில் 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. அந்த மாதிரி நாளில் ஏரி ததும்பும்போது அலையும் சேர்ந்தால், கரையின் மேல்விளிம்பும் சோதிக்கப்படும். ஆகவே இரண்டு மட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆடியில் தண்ணீர் வழக்கமாக நிற்கும் மட்டம், ஏரி நிறைந்து கோடி (உபரி நீர் வழியும் இடம்) போகும் மட்டம்.

படி 2: அலை உயரத்தைக் கணக்கிடுவது

திறந்த நீர்ப்பரப்பு 1 கி.மீ., காற்று மணிக்கு 54 கி.மீ. என்றால், கடற்கரைப் பொறியியலில் பழகிய கணக்குப்படி அலை உயரம் சுமார் 30 செ.மீ. வரும். ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.7 வினாடி. நீர்ப்பரப்பு அரை கி.மீ. என்றால் 23 செ.மீ., 2 கி.மீ. என்றால் 45 செ.மீ. காற்று மணிக்கு 72 கி.மீ. ஆனால் 1 கி.மீ. ஏரியிலேயே 45 செ.மீ. தொட்டுவிடும். இந்த உயரத்துக்கு வளர 1 கி.மீ. நீர்ப்பரப்பில் இருபது நிமிடக் காற்று போதும். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் பெறும் பாரூர் பெரிய ஏரி போன்ற அகன்ற பரப்புக்கும் ஊர்ப்புறச் சிற்றேரிக்கும் ஒரே மதிப்பீடு போடக்கூடாது என்பது இதிலிருந்தே தெரியும்.

மேலே சொன்ன உயரம் பெரிய அலைகளின் சராசரி. நூறு அலைக்கு ஒன்று அதைப்போல ஒன்றரை மடங்கு உயரும். எனவே 30 செ.மீ. வந்தால் 45 என்று வைத்துக்கொண்டு மேலே போவது நல்லது. நம் பகுதியின் நடுத்தர ஏரிகளுக்கு 50 செ.மீ. என்று எடுத்தால் பயமில்லை.

30 செ.மீ. அலை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 1.7 வினாடி அலையின் நீளம் சுமார் 4.5 மீட்டர். நீளத்தில் பாதிக்குக் குறைவான ஆழத்துக்கு வந்ததும், அதாவது 2.2 மீட்டருக்குள், அது தரையைத் தொட ஆரம்பிக்கும். அரை மீட்டர் ஆழத்தில் தரையை ஒட்டிய நீரின் வேகம் வினாடிக்கு அரை மீட்டரைத் தொடும். மணலை உருட்ட அது தாராளம். தளர்ந்த செம்மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 3: ஏரி வற்றியதும் காலடியைப் பார்ப்பது

கடலோரத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கிறது. ஏரி வற்றும். பங்குனி, சித்திரையில் இறங்கி நடந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம். அவர்கள் நீரில் மூழ்கிப் பார்ப்பவரையோ ஒலிக்கருவியையோ நம்ப வேண்டும். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

கரை நீளத்துக்கு 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து எண் போடுங்கள். ஒவ்வொரு முளையிலிருந்தும் உள்பக்கமாக நான்கைந்து மீட்டர் வரை நூல் பிடித்து, டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய குழாயால்) மட்டம் எடுத்து, அரை மீட்டருக்கு ஒரு அளவு குறியுங்கள். அப்புறம் அதே கோட்டில் கடப்பாரையை ஒரே பலத்தில் குத்திக்கொண்டே போங்கள். கெட்டியான பழைய தரையில் கடப்பாரை சில செ.மீ. மட்டும் இறங்கும். ஓரிடத்தில் சட்டென்று முப்பது, நாற்பது செ.மீ. இறங்கினால், அங்கே பள்ளம் விழுந்து வண்டல் மூடியிருக்கிறது. மேலே தெரியும் தரையை அளக்க வேண்டாம். கடப்பாரை நின்ற ஆழத்தை எழுதுங்கள். உண்மையான காலடி அதுதான்.

கல்லின் மேலும் பாருங்கள். கல்வரிசை நடுவில் தொப்பையாகத் தள்ளியிருந்தால் கீழ்வரிசை நகர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் வட்டமாக உள்வாங்கியிருந்தால் கல்லுக்குப் பின்னால் மண் கரைந்திருக்கிறது. இரண்டு கல்லின் இடுக்கில் கம்பியை விட்டால் தடையில்லாமல் ஓரடி உள்ளே போகிறதா? அதுவும் பின்பக்கப் பொந்துதான். கல்லே இல்லாத கரையில், சரிவில் படிக்கட்டு வெட்டியது போன்ற தட்டை விளிம்பு தெரியும். அலைக்கோடு எந்த மட்டத்தில் நீண்ட நாள் நின்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

படி 4: சுவரா, சரிவா

சரிவு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நடைபாதைக்கு இடம் கிடைக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்று கரையில் செங்குத்துக் கான்கிரீட் சுவர் கேட்கிறார்கள். மேலே சொன்ன இரட்டிப்பு அலையை விலை கொடுத்து வாங்குவது அது. கரடுமுரடான கற்சரிவு வரும் அலையில் பெரும்பகுதியைத் தன் இடுக்குகளிலேயே உடைத்துக் கரைத்துவிடும். உயரம் 1, கிடை 2 என்ற சரிவு நம் மண்ணுக்குப் பொருத்தம். சுவர் ஏற்கெனவே இருந்தால் இடிக்க வேண்டாம். அதன் முன்னால் கற்சரிவு ஒன்றைச் சாய்த்து வைத்தால் போதும்.

படி 5: கடைக்கால்

வீட்டுக்கு மட்டுமில்லை, அலைகல்லுக்கும் கடைக்கால் வேண்டும். படி 3-ல் கடப்பாரை காட்டிய கெட்டித் தரைக்குக் கீழே, அலை உயரத்தின் ஆழத்துக்காவது பள்ளம் எடுக்க வேண்டும். 50 செ.மீ. அலைக்கு 60 செ.மீ. ஆழம், 60 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளத்தைக் கரை நீளத்துக்கும் ஒரே நாளில் தோண்டிப் போடாதீர்கள். கரையின் காலைத் திறந்து வைப்பது ஆபத்து. ஐந்து, பத்து மீட்டர் தோண்டி, அன்றே கல் நிரப்பி, பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

பாறை குறுக்கிட்டோ ஊற்றுத் தண்ணீர் ஏறியோ ஆழமாகத் தோண்ட முடியாத இடம் நம் பகுதியில் நிறைய. பாறை என்றால் கவலை இல்லை. அதன்மேலேயே கல்லை உட்கார வையுங்கள். ஊற்று என்றால் கல்விரிப்பு போடலாம். சரிவின் அடியிலிருந்து ஏரியின் உள்பக்கமாகத் தரையில் தளர்வாகக் கற்களைப் பரப்பி விடுவது. முன்விளிம்பில் பள்ளம் விழ விழ அந்தக் கற்கள் தாமாகவே உருண்டு இறங்கிப் பள்ளத்தின் சரிவை மூடிவிடும். இதன் அகலம் அலை உயரத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையக்கூடாது. நம் ஏரிகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர். இந்தக் கற்களுக்குச் சிமெண்ட் பூசக்கூடாது. பூசினால் உருள முடியாது. அடியில் மண் போனதே தெரியாமல் பலகையாக அந்தரத்தில் நின்று, ஒரு நாள் உடையும்.

இதைவிட முக்கியம், காலடியில் ஜேசிபி நிற்காமல் பார்த்துக்கொள்வது. வண்டல் அள்ளும்போது கரையோரமாகவே ஆழமாக எடுத்துவிட்டால் அலை பத்து வருடத்தில் செய்வதை ஒரு மதியத்தில் செய்து முடித்ததாகும். கரையடியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி முளை அடித்துக் கயிறு கட்டிவிடுங்கள். வண்டி ஓட்டுபவருக்கு வாயால் சொன்னால் போதாது.

படி 6: கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே

கல்லை நேராகச் செம்மண் சரிவின்மேல் அடுக்கினால் ஒவ்வொரு அலையும் பின்வாங்கும்போது இடுக்கு வழியாகக் கொஞ்சம் மண்ணை உறிஞ்சிக்கொண்டு போகும். அதைத் தடுப்பது வடிகட்டிப் படுகை. மண்ணியல் அறிஞர் டெர்சாகி வகுத்த விதி இன்னும் உலகமெங்கும் நடப்பில் இருக்கிறது: மேல்படுகையின் பொடிப்பகுதி (எடையில் 15 சதவீதம் சல்லடையில் இறங்கும் அளவு), கீழ்ப்படுகையின் பருமனான பகுதி (85 சதவீதம் இறங்கும் அளவு) போல நான்கைந்து மடங்குக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கீழே உள்ள துகள் மேலே உள்ள இடுக்கில் நுழைய முடியாது; தண்ணீர் மட்டும் போகும்.

இதை நம் ஊர்ச் சரக்குக்கு மாற்றினால் இப்படி வரும். செம்மண்மேல் கழுவிய பருமனான எம்-சாண்ட் 10 செ.மீ.; அதன்மேல் 20 முதல் 40 மி.மீ. ஜல்லி 15 செ.மீ.; அதன்மேல் கல். 4 மி.மீ. மணலுக்கு 20 மி.மீ. ஜல்லி, 40 மி.மீ. ஜல்லிக்கு 18 செ.மீ. கல் என்று விதி வரிசையாகப் பொருந்திவிடுகிறது. கிரஷர் தூள் மலிவு என்று போட்டுவிடாதீர்கள், முதல் வருடமே கரைந்து போகும். ஜியோடெக்ஸ்டைல் துணியும் (தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் வடிகட்டித் துணி) போடலாம். ஆனால் கல்லை மேலிருந்து கொட்டினால் கிழியும், மேலே ஜல்லி மெத்தை அவசியம்.

தார்ப்பாய் மட்டும் வேண்டவே வேண்டாம். மதகைத் திறந்து ஏரி வேகமாக இறங்கும்போது கரைக்குள் ஊறிய தண்ணீர் வெளியே வரவேண்டும். தார்ப்பாய் அதை அடைத்துவிடும். கல்லோடு சேர்ந்து சரிவே வழுக்கிக்கொண்டு வரும்.

படி 7: எவ்வளவு பெரிய கல்

கடலிலும் ஏரியிலும் பயன்படும் ஹட்சன் சூத்திரத்தில் கல்லின் எடை அலை உயரத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறுகிறது. அலை இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்கு எடை வேண்டும். 1:2 சரிவில் அலை மேலேயே உடைகிறது என்று வைத்து, நம் கருங்கல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,650 கிலோ என்று போட்டால், 30 செ.மீ. அலைக்கு 4 கிலோ, 50 செ.மீ. அலைக்கு 18 கிலோ, 1 மீட்டர் அலைக்கு ஏறக்குறைய 150 கிலோ. கடலோரத்தில் டன் கணக்கில் பாறை போடுவதன் காரணமும் இதுதான். நமக்கு ஒன்பது அங்குலச் சக்கைக்கல் சுமார் 20 கிலோ வரும். ஒரு ஆள் தூக்கிவிடலாம்.

குவாரியில் கேட்க வேண்டியது கோணல்மாணலான உடைகல். உருண்டைக்கல் ஒன்றையொன்று பிடிக்காது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு அல்லது மக்கிய பாறை. இரண்டு கல் கனத்துக்கு அடுக்கி, இடுக்கில் சின்னக்கல்லை அடித்து இறுக்குங்கள். கீழே ஆடி மட்டத்துக்கும் கீழே கடைக்காலில் தொடங்கி, மேலே கோடி மட்டத்துக்கு மேல் ஒன்றரை அலை உயரம் வரை போக வேண்டும். பணம் போதாவிட்டால் மேலே குறைத்துக்கொள்ளுங்கள், கீழே குறைக்காதீர்கள். மேலே போன மண்ணை அடுத்த வருடம் பார்த்துப் போட்டுவிடலாம்.

படி 8: முனைகளும் மூலைகளும்

கடலில் தூண்டில் வளைவின் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பின்) முனையில்தான் நீர் வளைந்து வேகம் பிடித்து ஆழமாகப் பறிக்கும். ஏரியில் அதற்கு இணை கோடியின் பக்கச் சுவர், படித்துறையின் விளிம்பு, கல் பதித்த பகுதி முடிந்து வெறும் மண் தொடங்கும் இடம். அங்கெல்லாம் கல்லைச் சட்டென்று நிறுத்தாமல் நான்கைந்து மீட்டர் நீட்டி, கரைக்குள் மடித்துப் புதைத்து முடியுங்கள். விரிப்பின் அகலத்தையும் அங்கே கூட்டுங்கள்.

மதகின் மெல்லிய தூண்களைப் பற்றிப் பயம் வேண்டாம். தூணைச் சுற்றி அலை பள்ளம் பறிக்க வேண்டுமானால், தரையோர நீர் ஒரு பக்கமாக ஓடும் தூரம் தூணின் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் சுழல் கட்டும். நம் 30 செ.மீ. அலையில் நீர் அப்படி நகர்வது ஒரு அடிதான். ஒரு அடித் தூணுக்கு அது போதாது. மதகருகே பள்ளம் இருந்தால் காரணம் திறக்கும்போது இழுக்கும் நீரோட்டம். அதற்கு மதகு வாயில் கல்தளம் வேண்டும்.

படி 9: வருடம் இரண்டு முறை

சித்திரையில் ஒருமுறை, மழை முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஒருமுறை, அதே முளைகளில் அதே கடப்பாரை. முளை எண், ஆழம், தேதி மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். ஒரு முளையில் மட்டும் ஆழம் 15 செ.மீ. கூடினால், அந்த இடத்தின் விரிப்பில் கல் குறைந்திருக்கும். ஒரு டிராக்டர் கல்லைக் கரையருகே இருப்பு வைத்திருந்தால் ஒரு நாள் வேலையில் முடியும். பல முளைகளில் வரிசையாகக் கூடினால் கடைக்கால் போதவில்லை என்று பொருள். துறைப் பொறியாளரை நோட்டோடு கூப்பிடுங்கள்.

அலைக்கோட்டில் கோரையும் நாணலும் தானாக வளர்ந்தால் விட்டுவிடுங்கள், அலையை நன்றாக மட்டுப்படுத்தும். கல்லிடுக்கில் முளைக்கும் வேம்பு, அரசு, சீமைக்கருவேலம் மூன்றையும் விரல் பருமனாகும் முன் பிடுங்கிவிட வேண்டும்.

மழை நாளில் கரை கண்ணெதிரே கரைந்தால், முக்கால் நிரப்பிய மண் மூட்டைகளை அலைக்கோட்டில் செங்கல் கட்டுப்போல மாற்றி மாற்றி அடுக்குங்கள். முழுதாக நிரப்பிய மூட்டை ஒன்றோடொன்று படியாது. கரையின்மேல் நின்றே அடுக்க வேண்டும். தண்ணீருக்குள் யாரும் இறங்கக்கூடாது. வெளிப்பக்கச் சரிவில் கலங்கல் தண்ணீர் கசிந்தால் மூட்டையை விட்டுவிட்டு, கீழே இருக்கும் வீடுகளுக்கு முதலில் ஆள் அனுப்புங்கள்.